சிஸ்கோ 7960 போனில் ஃபர்ம்வேர் ஏறுகிறது, கான்ஃபிக் ஏறவில்லை

கேள்வி:
வணக்கம். அலுவலகத்தில் ஆஸ்டெரிஸ்க் (தொலைபேசி இணைப்பு மென்பொருள்) சர்வரோடு பழைய சிஸ்கோ 7960 ஐபி போன்கள் ஓடுகின்றன. போன்களுக்கு ஃபர்ம்வேரையும் (போனின் உள் மென்பொருள்) கான்ஃபிக் (அமைப்பு) கோப்பையும் அனுப்பும் டிஎஃப்டிபி சர்வர் இதுவரை விண்டோஸ் கணினியில் இருந்தது. அந்தக் கணினி ஓய்ந்துவிட்டதால், எல்லாக் கோப்புகளையும் டெபியன் லினக்ஸில் டிஎஃப்டிபிடி-ஹெச்பிஏ என்ற டிஎஃப்டிபி சர்வர் மென்பொருளைப் போட்டு அங்கே மாற்றினேன். போன்களுக்கு டிஎஃப்டிபி சர்வர் எங்கே என்று சொல்லும் டிஹெச்சிபி ஆப்ஷன் 150-லும் புது முகவரி கொடுத்தாயிற்று. எஸ்ஐபி (இணையவழி அழைப்புக்கான நெறிமுறை) 8.12 ஃபர்ம்வேர் ஒழுங்காக ஏறுகிறது. ஆனால் போன் மறுபடி எழுந்ததும் திரையில் ‘ஃபோன் அன்ப்ரொவிஷன்ட்’ (போன் இன்னும் அமைக்கப்படவில்லை) என்றுதான் வருகிறது, எக்ஸ்டென்ஷன் எண்ணே இல்லை. கான்ஃபிக் கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எங்கே பார்ப்பது?

பதில்:
ஃபர்ம்வேர் ஏறுகிறது என்றால் நெட்வொர்க், ஆப்ஷன் 150 இரண்டும் சரி. சந்தேகம் கோப்பின் பெயர்மேல்தான். ‘எஸ்ஐபி’ என்ற மூன்று எழுத்துக்குப் பின் மேக் முகவரியின் (ஒவ்வொரு போனுக்கும் உரிய வன்பொருள் எண்; எண்ணும் ஏ முதல் எஃப் வரை எழுத்தும் கலந்தது) 12 இலக்கம், இப்படித்தான் போன் தன் கோப்பைக் கேட்கும். எல்லாம் கேப்பிடல் எழுத்தில், கடைசியில் வரும் ‘.சிஎன்எஃப்’ மட்டும் சின்ன எழுத்தில். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பிரித்துப் பார்க்காது. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. ஃபர்ம்வேர் கோப்புகள் ஜிப்பில் வந்த பெயரிலேயே இருப்பதால் தப்பித்துவிட்டன. கான்ஃபிக் கோப்புக்கு யாரோ கையால் பெயர் வைத்திருப்பார்கள்.

ஊகத்தோடு நிற்க வேண்டாம். டிஎஃப்டிபி சர்வரின் ஆப்ஷன்ஸ் வரியில் ‘-வி’ (விவரமாகப் பதிவு செய்யச் சொல்வது) சேர்த்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம் ஒரே ஒரு போனை அணைத்துப் போட்டு லாகை (சர்வர் எழுதும் பதிவை) பாருங்கள், எந்தப் பெயரைக் கேட்கிறது என்று அப்படியே தெரியும். ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது மட்டும் தயவுசெய்து மின்சாரத்தை எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னதேதான். மேக் முகவரி எல்லாக் கோப்பிலும் சின்ன எழுத்தில் இருந்தது, எல்லாப் போனுக்கும் பொதுவான ‘எஸ்ஐபிடிஃபால்ட்’ கோப்பின் பெயரும் அப்படியே. பெயரை மாற்றியதும் போன்கள் பதிவாகிவிட்டன. ஒரு போன் மட்டும் அடம் பிடிக்கிறது. பெயர் சரிதான், லாகில் அது கேட்பதும் தெரிகிறது, ஆனால் கோப்பு போகவில்லை.

இன்னொரு பதில்:
அந்தக் கோப்பின் பெர்மிஷன் (யார் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) பாருங்கள். எல்லோரும் படிக்கலாம் என்று இல்லாத கோப்பை இந்த சர்வர் கொடுக்காது. 644 (உரிமையாளர் எழுதலாம், எல்லோரும் படிக்கலாம்) ஆக்கினால் போதும்.

பெயர்களை சர்வரே மாற்றிக்கொள்ளும்படி மேப் கோப்பு (பெயர் மாற்றும் விதிகள்) எழுதலாம் என்று யாராவது சொன்னால் உடனே இறங்காதீர்கள். யீலிங்க், பாலிகாம் போன்கள் மேக் முகவரியைச் சின்ன எழுத்தில் கேட்பவை. நாளை ஒன்று வாங்கினால் அங்கே இடிக்கும். கோப்பின் பெயரைத் திருத்துவதே நல்லது.

இன்னொன்றையும் அவசியம் கவனியுங்கள். டிஎஃப்டிபிக்குக் கடவுச்சொல்லே கிடையாது, உங்கள் எஸ்ஐபி பாஸ்வேர்டோ அந்தக் கோப்பில் அப்படியே படிக்கும்படி கிடக்கிறது. டிஎஃப்டிபி பயன்படுத்தும் யூடிபி 69 போர்ட் வெளி இணையத்துக்குத் திறந்திருந்தால் இன்றே மூடுங்கள். போன்களுக்குத் தனி விலேன் (பிரித்து வைத்த நெட்வொர்க்) இருந்தால் சர்வரை அதற்குள் மட்டும் வையுங்கள்.

கேட்டவர்:
644 கொடுத்ததும் அந்தப் போனும் எழுந்துவிட்டது. ஃபயர்வாலில் 69 மூடித்தான் இருக்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.