[கலைச்சொல்] குழாய் வைத்த உலர்த்தி, தொட்டி வைத்த உலர்த்தி: வெள்ளிக்குள் சொல் வேண்டும்

அனுப்பியவர்: செ.

குழுவினருக்கு வணக்கம்.

துணி உலர்த்தும் எந்திரத்துக்கான 14 பக்கக் கையேட்டை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரே தமிழ்ப் படி சூரிக்கில் இருப்பவர்களுக்கும் டொரொண்டோவில் இருப்பவர்களுக்கும் போகிறது. சிக்கல் அங்கேதான். இரண்டு ஊரிலும் 'ட்ரையர்' என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் பொருள் வேறு.

கனடாவில் அமெரிக்க வகை. 240 வோல்ட், 30 ஆம்பியரில் தனி மின்னிணைப்பு, அல்லது எரிவாயு. அறைக்காற்றை இழுத்துச் சூடாக்கித் துணிக்குள் செலுத்தி, ஈரத்தோடு 4 அங்குலக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளிவிடும். ஐரோப்பிய வகைக்கு 230 வோல்ட் சாதாரணச் சுவர் இணைப்பே போதும், குழாய் கிடையாது. காற்று உள்ளேயே சுற்றும், ஈரம் நீராகித் தொட்டியில் சேரும். இதிலும் இரண்டு உண்டு: ஈரக்காற்றை அறைக்காற்றால் குளிர்விப்பது ஒன்று, குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதுபோன்ற குளிர்பொருள் சுற்றால் குளிர்விப்பது இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் 2012 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதலும் புதிதாகச் சந்தைக்கு வருவது பின்னது மட்டுமே.

இதே வரிசையில் என் வரைவு: வெளியேற்று உலர்த்தி, ஒடுக்க உலர்த்தி, வெப்ப ஏற்றி (ஹீட் பம்ப்) உலர்த்தி. வடிகட்டியில் படியும் பஞ்சுத்தூளுக்கும் ஒரு நல்ல சொல் வேண்டும்.

— செ.

---

அனுப்பியவர்: ந.

> வெப்ப ஏற்றி உலர்த்தி

வேண்டாம். 'வெப்ப ஏற்றி' என்றால் யாரும் ஹீட்டர் என்றே படிப்பார்கள். இந்த வகையின் சிறப்பே சூடாக்கும் கம்பிச்சுருளை நம்பி ஓடாததுதான். குளிர்ந்த தகடுகளில் ஈரம் படிந்து வடிகிறது. அங்கே வாங்கிய வெப்பத்தையே மறுபக்கச் சூடான தகடுகள் காற்றுக்குத் திருப்பித் தருகின்றன. அதனால்தான் மின்செலவு பாதிக்கும் கீழே வருகிறது. காற்று ஏறத்தாழ 50 பாகைதான், நேரமும் கூடுதல். துணி வெதுவெதுப்பாக வெளியே வரும். 'ஏற்றி' என்று படித்தவர் ஏற்றி எரிந்துபோயிற்று என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்.

கிணற்றிலிருந்து நீரை இறைப்பதுபோலக் குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பத்தை இறைக்கிறது. 'வெப்ப இறைப்பி' என்று வையுங்கள்.

— ந.

---

அனுப்பியவர்: அ.

அன்புள்ள செ., ந.,

ஏற்றி தவறில்லை. நீர் இறைக்கும் பொறிக்கே 'ஏற்றம்' என்றுதானே பெயர்? கீழிருப்பதை மேலே கொண்டுவருவது ஏற்றம். ஹீட்டருக்கு 'சூடாக்கி' இருக்கிறது, அதை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

என் வழக்கு 'உலர்த்தி' மீது. உலர்தல், காய்தல், உணங்கல், புலர்தல், வற்றல் ஆகிய ஐந்தும் ஒன்றல்ல. வற்றல் உள்ளிருக்கும் நீர் போவது. உணங்கல் வெயிலில் வாடுவது. மலையாளத்தில் துணி காய்வதற்கு இன்றும் அதே வினை. புலர்தலோ மேலே ஒட்டிய ஈரம் நீங்குவது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராட்டிய கூந்தலைப் 'புகையில் புலர்த்தி' ஒப்பனை செய்கிறாள். சூடான காற்றோட்டத்தால் ஈரம் போக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று ஏது? 'புலர்த்தி' என்க. பொழுது புலர்தலும் இருள் என்னும் ஈரம் நீங்குதலே அல்லவா?

— அ.

---

அனுப்பியவர்: த. (சூரிக்)

அ. ஐயாவுக்கு வணக்கம். 'புலர்த்தி' எண்டால் எங்கட சனத்துக்கு விடியப்புறம்தான் ஞாபகம் வரும். உடுப்புக் காயிற மெஷின் வராது.

'ஒடுக்கம்' இலங்கைப் பாடப்புத்தகத்தில படிச்ச ஆக்களுக்கு விளங்கும். ஆவி நீராகிறது எங்களுக்கு 'ஒடுங்கல்'. தமிழ்நாட்டு வேதியியலில ஒடுக்கம் வேற விசயம், ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரானது. டொரொண்டோவில ரெண்டு பக்கத்து ஆக்களும் இருக்கினம். அந்தச் சொல்லை விட்டிடுங்கோ.

இன்னொரு தலையிடி. இஞ்சத்தைய மெஷினில நிகழ்ச்சிப் பெயர் ஜெர்மனில 'ஷ்ராங்க்ட்ரோக்கன்', 'ப்யூகல்ட்ரோக்கன்' எண்டு இருக்கும். முதலாவது, மடிச்சு அலுமாரியில வைக்கிற அளவுக்குக் காய்ஞ்சது. ரெண்டாவது, அயன் பண்ண வசதியாக் கொஞ்சம் ஈரம் விட்டது. அமெரிக்க மெஷினில 'கூடுதல், நடுத்தரம், குறைவு' எண்டு மொட்டையா இருக்கும்.

— த.

---

அனுப்பியவர்: பூ.

த. சொன்ன இரண்டுக்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: பதம். பாகுப் பதம், கம்பிப் பதம் என்பதுபோல 'மடிப்புப் பதம்', 'இஸ்திரிப் பதம்'. ஜெர்மன்காரர்கள் செய்ததும் இதுவே: ஈரத்தின் அளவைச் சொல்லாமல், அடுத்து என்ன வேலை என்று சொல்கிறார்கள்.

இந்தப் பதத்தை எந்திரம் எப்படி அறிகிறது என்பதையும் கையேட்டில் ஒரு வரியில் சொல்லுங்கள். உருளைக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத்துணி இரண்டையும் சேர்த்துத் தொட்டால் மின்னோட்டம் பாயும், காய்ந்தால் பாயாது. அமெரிக்காவில் துணியோடு வாசனைத் தாள் போடும் வழக்கம் உண்டு. அதன் மெழுகு பட்டைகளில் படிந்தால், ஈரத்துணி இருக்கும்போதே 'காய்ந்தது' என்று எந்திரம் நின்றுவிடும். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போதும். வடிகட்டி வலையிலும் அதே மெழுகு படியும். வலையைக் குழாயடியில் பிடியுங்கள். நீர் ஒழுகிப் போகாமல் மேலே தேங்கினால், சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்க்க வேண்டும்.

— பூ.

---

அனுப்பியவர்: அ.

'பதம்' மிக அருமை, ஆனால் 'ஈரப்பதம்' என்று வேறு இருக்கிறதே, குழம்பாதா? இஸ்திரியும் போர்த்துக்கீசிய வரவு. 'தேய்ப்புப் பதம்' என்றால் என்ன?

பஞ்சுத்தூளுக்குத் 'துய்'. பஞ்சின் மெல்லிழையைக் குறிக்கும் பழஞ்சொல். நற்றிணைக் குரங்கு 'துய்த்தலை மந்தி'.

— அ.

---

அனுப்பியவர்: ந.

ஐயா, 'துய் வடிகட்டி' என்று அச்சிட்டால், துய்ப்பதை வடிகட்டுவது என்று படிப்பார்கள். இன்பத்தைத் தடுக்கும் கருவி ஆகிவிடும்.

கனடாப் பக்கத்தில் இந்தச் சொல் தெளிவாக இருப்பது உயிர் விஷயம். அமெரிக்காவில் உலர்த்தித் தீவிபத்துகளுக்கு முதற்காரணமாகச் சொல்லப்படுவது சுத்தம் செய்யாமைதான். அங்குள்ள வீட்டுக் கட்டட விதி குழாய் நீளத்தைப் பொதுவாக 35 அடிக்குள் நிறுத்துகிறது. கூரான 90 பாகை வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடி கழிக்க வேண்டும். அப்படி இரண்டு வளைவு போட்டால் 25 அடிதான் மிச்சம். நீளம் கூடினால் காற்று மெலியும், மெலிந்தால் தூள் குழாயிலேயே தங்கும். குழாயை இணைக்கும் திருகாணியின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதில்தான் சிக்கும். மெல்லிய தகட்டுத்தாள் குழாய்கள் மடிப்பு மடிப்பாக இருப்பதால் அவற்றிலும் அப்படியே.

'பஞ்சுத்தூள்' போதும். படித்ததும் கை எங்கே போக வேண்டுமோ அங்கே போகும்.

— ந.

---

அனுப்பியவர்: பூ.

அப்படியானால் எந்திரப் பெயர்களையும் கண்ணில் படுவதை வைத்தே வைத்துவிடலாமே? குழாய் உலர்த்தி, தொட்டி உலர்த்தி. குழாயைச் சுத்தம் செய், தொட்டியைக் காலி செய். யாருக்கும் அகராதி வேண்டாம்.

— பூ.

---

அனுப்பியவர்: த. (சூரிக்)

குழாய் உலர்த்தி சரி. தொட்டி உலர்த்தியில ஒரு பிழை வரும், பூ. அக்கா. அறைக்காற்றால குளிர்விக்கிற பழைய வகை, வெப்ப இறைப்பி இருக்கிற புது வகை, ரெண்டிலயும் தொட்டி இருக்கு, ஆனால் துப்புரவாக்கிற முறை வேற. பழைய வகையில கீழ்க்கதவைத் திறந்து, தகட்டுப் பெட்டியை முழுசா வெளியில இழுத்து, குழாய்த் தண்ணியில அலசலாம். புது வகையில பெரும்பாலும் அது கழராது, குளிர்பொருள் குழாயோட ஒட்டினது. முன்னால இருக்கிற பஞ்சு வடியை மட்டும் கழுவிக் காயவைச்சுத் திருப்பிப் போடவேணும், தகட்டை மென்மையான தூரிகையால தட்டலாம். ரெண்டுக்கும் ஒரே பேர் வைச்சால், ஆராவது இழுத்து உடைப்பினம்.

தொட்டியை வெறுமையாக்க மறந்தால் மெஷின் நடுவில நிண்டுபோகும். வடிகால் பக்கத்தில இருந்தால் ஒரு குழாயை அங்க இணைச்சுவிடலாம், பிறகு தொட்டியைத் தொடத் தேவையில்லை. வீடு மாறேக்க புது வகையைப் படுக்கவைச்சுக் கொண்டுபோனால், கம்பிரசர் எண்ணெய் கீழ இறங்கும்வரை கையேட்டில போட்டிருக்கிற மணித்தியாலம் நிமிர்த்தி வைச்ச பிறகுதான் போடவேணும். 'தொட்டி உலர்த்தி' எண்டு மட்டும் எழுதினால் இதை எந்த வகைக்கு எழுதுறது?

— த.

---

அனுப்பியவர்: செ.

நாளை கோப்பு போக வேண்டும். கணக்கு இது:

குழாய் உலர்த்தி: நால்வர் சரி, அ. ஐயா மட்டும் 'குழாய்ப் புலர்த்தி'. தொட்டி உலர்த்தி பொதுப்பெயர். அதன் கீழ் 'அறைக்காற்று வகை', 'வெப்ப இறைப்பி வகை'. இறைப்பிக்கு மூன்று, ஏற்றிக்கு ஒன்று. நான் ஏற்றியிலிருந்து இறைப்பிக்கு மாறிவிட்டேன். பஞ்சுத்தூள். மடிப்புப் பதம். இஸ்திரிப் பதம், அடைப்புக்குறிக்குள் 'தேய்ப்புப் பதம்'. துணியா உடுப்பா என்பதில் முடிவு வரவில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாற்றி எழுதியிருக்கிறேன்.

— செ.

---

அனுப்பியவர்: அ.

ஏற்றுக்கொள்கிறேன், உடன்படவில்லை. 'இறைப்பி'யில் இன்னொன்று: இறைத்தல் என்றால் சிதறடித்தலும் உண்டு. காசை வாரி இறைத்தான் என்கிறோம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எந்திரத்துக்கு இந்தப் பெயரா? இறை என்னும் வேர் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

— அ.

---

அனுப்பியவர்: ந.

ஐயா, வெள்ளிக்குப் பிறகு எழுதுங்கள்.

— ந.