ட்ராஃப்டா, ஃப்ரீ ஏஜென்சியா: கிண்ணம் வெல்லும் அணியை எங்கிருந்து கட்டத் தொடங்குவது?

வெள்ளவத்தைவாசி:
2025 ஜூனில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச் சுற்றில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணி ஏழாவது ஆட்டத்தில் இந்தியானா பேசர்ஸை வென்று கிண்ணத்தை எடுத்தபோது கொழும்பில் திங்கட்கிழமை காலை எட்டு மணியளவு. கடைசிக் கால்பகுதியை நான் பம்பலப்பிட்டிச் சந்தியில் நெரிசலில் அகப்பட்ட பஸ்ஸுக்குள் நின்றபடி கைப்பேசியில் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் ரொறன்ரோ ஸ்காபரோவிலுள்ள என் மச்சான் அழைத்து, "பார்த்தாயா, ட்ராஃப்ட்தான் ஒரே வழி" என்றார். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்வதே ட்ராஃப்ட்; மோசமாகத் தோற்ற அணிக்கே முன்வரிசைத் தெரிவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எனக்கு அவர் சொன்னது ஒப்பவில்லை. தண்டரின் நட்சத்திரம் ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் 2019இல் வீரர் பரிமாற்றத்தில் வந்தவர். அதே அணியின் ஹார்ட்டன்ஸ்டைன் 2024இல் ஃப்ரீ ஏஜென்சியில், அதாவது ஒப்பந்தம் முடிந்து விரும்பிய அணியில் சேரும் வழியில், வந்தவர். மியாமி 2010இல் லெப்ரோன் ஜேம்ஸையும் கிறிஸ் பொஷ்ஷையும் சேர்த்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளும் இறுதிச் சுற்றுக்கு வந்து, இரு கிண்ணங்களை வென்றது. மறுபுறம், நல்ல தெரிவுக்காகவே தோற்றுக்கொண்டிருந்த பிலடெல்பியா 2015-16 பருவத்தில் 82 ஆட்டங்களில் பத்தை மட்டுமே வென்றது. அந்தத் தவத்துக்கு இன்னும் வரம் கிடைக்கவில்லை. கையில் ஒன்றுமில்லாத அணி எதில் தொடங்க வேண்டும்?

பழைய பின்கள வீரர்:
தம்பி, மியாமிக்கு அவர்கள் வந்ததே அங்கே டுவேன் வேட் இருந்ததால்தான். அவர் 2003 ட்ராஃப்டில் ஐந்தாவதாகத் தெரிவானவர். வெறும் வீட்டுக்கு எந்த நட்சத்திரமும் விருந்துக்கு வருவதில்லை.

பிலடெல்பியாவின் தவறு ட்ராஃப்டை நம்பியதல்ல, முதலிடத் தெரிவை நம்பியது. 2013இல் முதலாவதாகத் தெரிவான அந்தனி பெனெட் நான்கு பருவங்களிலேயே என்.பி.ஏ.யை விட்டு விலகினார். அதே ட்ராஃப்டில் பதினைந்தாவதாக மில்வோக்கி எடுத்த யானிஸ் 2021இல் கிண்ணம் பெற்றுக் கொடுத்தார். டென்வரின் நட்சத்திரம் யோகிச் 2014இல் 41ஆவது தெரிவு. மேலும், முதல் தெரிவு யாருக்கு என்பதைக் குலுக்கலே முடிவு செய்கிறது; 2019இல் விதி மாறியபோது கடைசி மூன்று அணிகளுக்கும் அந்த வாய்ப்பு தலா 14 வீதமாகியது; முன்னர் கடைசி அணிக்கு 25 வீதம் இருந்தது. ஆகவே வேண்டுமென்று தோற்பதில் இப்போது பழைய இலாபம் இல்லை.

கோட்டைக் கணக்காளர்:
இருவரும் வீரர்களை எண்ணுகிறீர்கள்; நான் சம்பளத்தை எண்ணுகிறேன். முதற்சுற்றில் தெரிவாகும் இளைஞரின் சம்பளம் நான்கு ஆண்டுகள்வரை நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதால், அவர் நட்சத்திரமாகிவிட்டாலும் அணி அந்தக் காலத்தில் நட்சத்திர விலை கொடுப்பதில்லை. மிச்சமாகும் பணமே வெளியிலிருந்து ஆள் எடுக்கும் பணம்.

கோல்டன் ஸ்டேட்டைப் பாருங்கள். ஸ்டெபன் கறி 2009இல் ஏழாவது, கிளே தொம்ஸன் 2011இல் பதினொன்றாவது, ட்ரேமண்ட் கிறீன் 2012இல் 35ஆவது. கணுக்கால் காயங்கள் ஓயாதிருந்த காலத்தில், 2012இல், கறி நான்கு ஆண்டுகளுக்கு 44 மில்லியன் டொலர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 2016இல் அவர் இரண்டாம் முறையாக மிகப் பெறுமதிமிக்க வீரராகத் தெரிவானபோதும் அதே ஒப்பந்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதே கோடையில், புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால், 70 மில்லியனாக இருந்த, அணியொன்றின் மொத்தச் சம்பள உச்சவரம்பு சுமார் 94 மில்லியனாகத் தாவியது. இந்த இரண்டும் ஒன்றாகக் கூடியதால்தான் ஃப்ரீ ஏஜென்சியில் வந்த கெவின் டுராண்டுக்கு இடம் பிறந்தது. அவரைக் கொண்டு 2017, 2018 கிண்ணங்களை வென்றார்கள் என்பது சரி. ஆனால் அவர் வருவதற்கு முன்பே, 2015இல், தாங்கள் தெரிவு செய்தவர்களை மையமாக வைத்து ஒன்றை வென்றுவிட்டார்கள். ட்ராஃப்ட் அரிசி என்றால் ஃப்ரீ ஏஜென்சி கறி. (பெயர்ப் பொருத்தத்துக்கு நான் பொறுப்பல்லன்.)

கொட்டாஞ்சேனை 13:
அரிசியே இல்லாமல் சமைத்தவர்களும் உண்டு, ஐயா. 2004இல் வென்ற டெட்ரொயிட்டின் சோன்ஸி பில்லப்ஸ் 2002இல் ஃப்ரீ ஏஜென்சியில் வந்தவர். அவ்வணி 2003இல் இரண்டாவதாகத் தெரிவு செய்த டார்கோ மிலிசிச் பெரும்பாலும் வாங்கிலேயே இருந்தார்.

வெள்ளவத்தைவாசியின் மச்சானுக்கு ஒரு கேள்வி: ரொறன்ரோ 2019இல் எப்படி வென்றது? 2009இல் தாமே தெரிவு செய்து வளர்த்த டிமார் டிரோஸனைக் கொடுத்துத்தான் கவாய் லெனர்ட்டை வாங்கினார்கள். அவர் ஒரே பருவத்தில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார்.

வெள்ளவத்தைவாசி:
மச்சானுக்கு அனுப்பினேன். டிரோஸன் பெயரைக் கண்டதும் சற்று நேரம் பதிலே இல்லை. பின்பு அவர் கேட்டது: டலஸ் 2018இல் 33ஆவதாக எடுத்து வளர்த்த ஜேலன் ப்ரன்ஸன் 2022இல் கைமாறாக எதுவுமின்றி நியூயோர்க்குக்குப் போனாரே, வளர்த்தவருக்கு அங்கே என்ன மிஞ்சியது?

கோட்டைக் கணக்காளர்:
நல்ல கேள்வி. ஒப்பந்தம் முழுமையாக முடிந்த பின் ப்ரன்ஸன் எங்கும் போகலாம். டென்வர் 2018இல் யோகிச்சிடம் அதைத்தான் தவிர்த்தது: இன்னும் ஓராண்டு மிகக் குறைந்த சம்பளத்தில் அவரை வைத்திருக்கும் உரிமை கையில் இருந்தும், அதை விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தை ஓராண்டு முன்னதாகவே முடித்தது; அந்த ஆண்டும் கழிந்திருந்தால் அவரும் தடையின்றிப் போயிருக்கலாம். அதனால் பிற அணிகளின் அழைப்புக்கு ஈடு கொடுத்து அவரைத் தக்கவைக்கும் உரிமை டென்வருக்கு வந்தது. உடனே ஐந்தாண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது. 2023 கிண்ணம் அந்த ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் வந்தது.