புது சார்ட், பழைய திருத்தம்: பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் கண்டவை (நாலு பேர் மாத்தி மாத்தி எழுதினது, ஒவ்வொரு தலைப்பும் எழுதினவரோட பெயர்)

பாம்பன் வடகடல்

உறை பிரிக்காத சார்ட், அதாவது கடல் வரைபடம். ஒரு மடிப்பு இல்ல, மை வாசம்கூடப் போகல. விசைப்படகு வீல் ரூம்ல விரிச்சு இடது கீழ் மூலையைப் பார்த்தா, சட்டத்துக்கு வெளியே கடைசித் திருத்த எண் 2021-ஓட நிக்குது. வாங்கினது 2025 கடைசியில. நாலு வருஷ நோட்டீஸ் (சார்ட்ல எதை மாத்தணும்னு வர்ற அறிவிப்பு) ஒண்ணுகூட ஏறல. பாம்பன்ல நடுவுல ரெண்டா விரியுற பழைய ஷெர்சர் ரயில் பாலம்தான் போட்டிருக்கு. 2025 ஏப்ரல் 6-ல திறந்த தூக்குப்பாலத்தோட சுவடே இல்ல. அந்த மூலை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

கடைக்காரர் அடுக்குல இருந்து உருவிக் கொடுத்ததைப் புதுசுன்னு நம்பக் கூடாது. டேராடூன்ல இருக்குற கடற்படை நீர்வரைவியல் அலுவலகம் மாசத்துக்கு ரெண்டு தடவை நோட்டீஸ் போடுது, இணையத்துல காசு இல்லாமலே இறக்கிக்கலாம். முதல்ல சார்ட் அட்டவணையில நம்ம கடலுக்கான எண்ணை எடுங்க. அந்த எண்ணுக்கு இப்ப நடப்புல இருக்குற பதிப்பு எதுன்னு பாருங்க. புதுப் பதிப்பு வந்துட்டா பழசு அன்னைக்கே ரத்து, எத்தனை திருத்தம் போட்டாலும் அது உயிர் பெறாது. சென்னையில அங்கீகாரம் பெற்ற முகவர்கிட்ட கேக்கும்போது "எந்தத் தேதி நோட்டீஸ் வரைக்கும் திருத்தியிருக்கு, முத்திரை குத்தித் தாங்க"ன்னு கேளுங்க. பணம் கொடுக்கும் முன்னாடி அந்த மூலையைப் பாருங்க.

தொண்டிக் கரை

பாலம் மாறினது கண்ணுக்காவது தெரியும். ஆழ எண்தான் ஆளைக் கவுக்கும். ஒரு படகுல கண்டது: சார்ட்ல 2, அதுக்குப் பக்கத்துல கீழே சின்னதா 3. "ரெண்டு பாகம் மூணு அடி, தாராளமாப் போகலாம்"னு ஸ்டியரிங்ல இருந்தவர் சொல்றார். பாகக் கணக்குச் சார்ட்ல அது சரிதான்: ஒரு பாகம் 6 அடி, ஆக 15 அடி, 4.57 மீட்டர். அங்க விரிச்சிருந்தது மீட்டர் சார்ட். வெறும் 2.3 மீட்டர். படகோட மிதப்பு ஆழம் (தண்ணிக்குள்ள இறங்கி நிக்குற அளவு) 2 மீட்டர். அரை மீட்டர் அலைப் பள்ளத்துல இறங்கினாலே சுக்கான் மணல்ல குத்தும்.

தலைப்புக்குக் கீழேயே ஆழம் மீட்டரா பாகமான்னு எழுதியிருக்கும். பிரிட்டிஷ் சார்ட்னா தரை நிறமே சொல்லிடும்: மீட்டர்னா மஞ்சள், பாகம்னா சாம்பல்.

மண்டபம் தெற்கு

தொண்டி அண்ணே, பாகச் சார்ட்டை இன்னைக்கு எத்தனை பேர் விரிக்கிறாங்க? இப்போ ஆபத்து ஜிபிஎஸ்-ல இருந்து சார்ட்டுக்கு எண்ணை மாத்துற இடத்துல. ஒரு குறிப்பேட்டுல பார்த்தது: 9°21'48", 79°30'42". எழுதினவர் வினாடியைத் தசமம்னு நெனச்சு 21.48, 30.42-ன்னு சார்ட்ல புள்ளி வச்சிருந்தார். உண்மையில அது 21.80, 30.70. அதாவது 1974 இந்தியா-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தத்துல வர்ற எல்லைப் புள்ளி நாலு, அச்சு அசலா அதேதான்! சார்ட்ல அவர் எல்லைக்கு மேற்கே 500 மீட்டருக்கு மேல உள்ள இருக்கார். படகு கோட்டு மேல.

ஜிபிஎஸ் அமைப்புல பாகை, நிமிடம், நிமிடத் தசமம்னு வைங்க, சார்ட் விளிம்பும் பெரும்பாலும் அப்படித்தான் பிரிஞ்சிருக்கும். அப்புறம் டேட்டம், அதாவது சார்ட்ல இடங்களை எந்த அடிப்படையில குறிச்சாங்கங்கிறது. ஜிபிஎஸ் பயன்படுத்துற டபிள்யூஜிஎஸ் 84-ன்னு போட்டிருந்தா நேராப் புள்ளி வைக்கலாம். பழைய டேட்டம்னா, செயற்கைக்கோள் நிலையை எவ்வளவு நகர்த்தணும்னு தலைப்புப் பக்கம் ஒரு குறிப்பு இருக்கும். அட்சரேகையில 0.1 நிமிடம்னா 185 மீட்டர், சின்ன விஷயமில்ல. தூரம் அளக்கப் பக்கவாட்டு அளவுகோலைத்தான் எடுக்கணும், மேல்விளிம்பை இல்ல.

கீழக்கரை சுக்கான்

எல்லாரும் வாங்குறதையும் படிக்கிறதையும் பேசுறீங்க. திருத்துறதை யாரும் தொடல. ஒரு சார்ட்ல மூழ்கின படகுக் குறி மேல வெள்ளை மை பூசியிருந்துச்சு. குறி இருந்த இடமும் போச்சு, பக்கத்து ஆழ எண்ணும் போச்சு.

யாரும் கேக்கல, இருந்தாலும் எழுதிடறேன். அழிக்கவே கூடாது. மெல்லிய முனைப் பேனா, நீர்ல கரையாத ஊதா மை, பழசு மேல ஒரு கோடு, அதுவும் படிக்கிற மாதிரி இருக்கணும். தற்காலிக, முன்னறிவிப்பு நோட்டீஸ் ரெண்டையும் பென்சில்ல மட்டும் போடுங்க, ரத்தானா அழிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நோட்டீஸ்லயும் அந்தச் சார்ட்டோட முந்தின திருத்த எண் இருக்கும். அது உங்க மூலையில இருக்குற கடைசி எண்ணோட ஒத்துப்போகலன்னா நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. அங்கயே நிறுத்தி, விட்டதைத் தேடிப் போட்டுட்டுத்தான் அடுத்தது. வேலை முடிஞ்ச பிறகே மூலையில எண் எழுதுங்க. முதல்லயே எழுதிட்டு யாராவது கூப்பிட்டாங்கன்னு எழுந்து போனா, போடாத திருத்தம் போட்டதாகவே நின்னுடும்.

நோட்டீஸோட ஒட்டுத் துண்டு (அந்த இடத்துக்கான புதுப் படத் துண்டு) வந்தா பசையைச் சார்ட்ல தடவுங்க, துண்டுல தடவினா ஈரம் ஏறி நீளும், அட்சரேகை பொருந்தாது. கச்சான் காத்துல உப்பு ஈரம் காகிதத்தைச் சுருக்கி விரிக்கும். அதனால சுருட்டி எஞ்சின் மேல சொருகாம, தட்டையா பிளாஸ்டிக் உறையில வைங்க.

அப்புறம் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் வேண்டவே வேண்டாம். எல்லை, தடைப் பகுதி எல்லாம் மெஜந்தா கோடு. ஜெராக்ஸ்ல அது மத்த கோட்டோட கோடாக் கலந்துடும்.

பாம்பன் வடகடல்

கீழக்கரை அண்ணே சொன்ன எண் ஒத்துப் பார்க்கிற முறையை அந்தச் சார்ட்ல செஞ்சாச்சு, பதினோரு நோட்டீஸ் விட்டுப்போயிருந்துச்சு. ஆனா தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குக் கிழக்கே மணல் தீடைங்க காத்துக்கும் நீரோட்டத்துக்கும் இடம் மாறுது. முழுசாத் திருத்தின சார்ட்லயும் அடியில இருக்குற அளவை பழசா இருக்கலாம். மூல விளக்கப் படம்னு ஓரத்துல சின்னக் கட்டம் இருக்கும், எந்தப் பகுதியை எந்த வருஷம் அளந்தாங்கன்னு அதுல தெரியும். அந்த வருஷம் பழசா இருந்தா அங்க பகல்ல மட்டும், ஒருத்தர் முன்னணியத்துல நின்னு ஆழம் பார்க்க நூல்குண்டு விட்டுக்கிட்டே போகணும். பாம்பன் கால்வாய் கடக்கணும்னா மிதப்பு ஆழத்தையும் கொடிமர உயரத்தையும் எழுதி எடுத்துக்கிட்டுத் துறைமுக அலுவலகத்துல முன்கூட்டியே கேளுங்க.