சிங்கப்பூர் பீரங்கிகள் தப்பான திசையைப் பார்த்தே நின்றனவா?

துறைமுகன்:
1942-ல் சிங்கப்பூர் விழுந்ததற்குக் காரணம், பீரங்கிகள் எல்லாம் தெற்கே கடலைப் பார்த்து நின்றதும் ஜப்பானியர் வடக்கிலிருந்து வந்ததும்தான் என்று எங்கும் எழுதுகிறார்கள். ஆனால் இவ்வகைப் பீரங்கிகள் சுழலும் பீடத்தில்தானே நிற்கும்? மொத்தம் எத்தனை இருந்தன, எவை நிலத்தை நோக்கிச் சுட்டன? செந்தோசாவின் சிலோசோ கோட்டையில் இன்று பார்ப்பதில் எது பழையது?

கொத்தளம்:
முதலில் கணக்கு. அங்குலம் என்பது குழலின் உள்விட்டம், பேட்டரி என்பது சேர்ந்து சுடும் பீரங்கித் தொகுதி. 15 அங்குலம் ஐந்து: சாங்கியில் ஜொகூர் பேட்டரி மூன்று, மேற்கே புவோனா விஸ்டா இரண்டு. 9.2 அங்குலம் ஆறு: அன்று பூலாவ் பிளாக்காங் மாத்தி எனப்பட்ட செந்தோசாவின் கன்னாட் கோட்டையில் மூன்று, தெக்கோங் தீவில் மூன்று. 6 அங்குலம் பதினெட்டு, இரண்டிரண்டாகப் பல இடங்களில். சிலோசோ, செராப்போங், லாப்ரடார் அவற்றுள் சில.

பல பீரங்கிகள் திரும்பின, சுட்டன. ஜொகூர் பேட்டரி மட்டும் 194 குண்டுகள் போட்டதாகப் பதிவு. கன்னாட் பீரங்கிகள் தெங்கா விமானத்தளப் பக்கம் சுட்டன. சிக்கல் குண்டில் இருந்தது. 15 அங்குலக் குண்டின் எடை சுமார் 879 கிலோ. அது கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைக்கச் செய்தது. சுவர் தடித்த எஃகு, உள்ளே வெடிமருந்து 22 கிலோ அளவுதான். வெடிப்பூட்டு அடிப்பக்கத்தில் இருக்கும், தகட்டைத் துளைத்து உள்ளே போனபிறகே பற்றவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் தாமதித்து வெடிக்கும். சதுப்பிலும் ரப்பர் தோட்டத்திலும் அது ஆழப் புதைந்துபோய் வெடித்தால் சிதறல் மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். படைவீரர்களுக்கு எதிராக வேண்டியது மெல்லிய சுவரும் நான்கைந்து மடங்கு வெடிமருந்தும் உள்ள குண்டு. 15 அங்குலத்துக்கு அது ஒன்றுகூட இருப்பில் இல்லை. 9.2 அங்குலத்துக்குப் பீரங்கிக்கு 30 அளவில், 6 அங்குலத்துக்கு 50 அளவில்.

அலைமானி:
கொத்தளம் சொன்னது சரி. குறிபார்க்கும் முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கரையோரத் தொலைமானி குன்றின் மேல் இருக்கும். தன் உயரம் தெரியும். இலக்கு கடல்மட்டத்தில் இருக்கும். ஆகவே அதன் தொலைநோக்கியைக் கீழே சாய்த்த கோணத்திலிருந்தே தூரம் வந்துவிடும். இதில் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, கணக்கிட்டுத் திருத்தவேண்டும். 60 மீட்டர் உயரத்திலிருந்து 10 கிலோமீட்டர் பார்க்கையில், நீர்மட்டம் 3 மீட்டர் மாறியதைக் கணக்கில் விட்டால் தூரம் 500 மீட்டருக்கு மேல் பிசகும். கடலுக்கு அருமையான கருவி. நிலத்திலோ இலக்கு மேட்டில் இருக்கலாம், பள்ளத்தில் இருக்கலாம், மரத்துக்குப் பின்னாலும் இருக்கலாம்; கருவி செல்லாக்காசு. வரைபடக் கட்டத்தை வைத்துச் சுட்டு, எங்கே விழுந்தது என்று முன்னணியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொல்லவேண்டும். அந்தக் கம்பிகள் குண்டுவீச்சில் அறுந்துகொண்டே இருந்தன.

இன்னொன்று: இவை அதிவேகப் பீரங்கிகள், குண்டு தட்டையாகப் பறக்கும். குன்றின் மறுபக்கச் சரிவில் இருப்பவர்மேல் படாது. அதற்குக் குண்டை மேல்நோக்கி வளைத்து எறியும் ஹவிட்சர் பீரங்கி வேண்டும்.

துறைமுகன்:
புவோனா விஸ்டா?

கொத்தளம்:
அவை வடமேற்குப் போர்முனைக்கு உதவவில்லை. ஜப்பானியர் நெருங்கியதும், 11 பிப்ரவரியில், பிரிட்டிஷார் தாங்களே தகர்த்தார்கள். ‘கடலைப் பார்த்தே நின்றன’ என்ற பேச்சில் உண்மை இருக்கிறது என்றால் இந்த இரண்டில்தான். ஜொகூர் பேட்டரியிலும் மூன்றில் ஒன்றின் சுழற்சிக்கு எல்லை உண்டு.

வெடிமருந்துக்கிடங்கு:
சிலோசோ பற்றி. கோட்டை 1870-களின் இறுதியில் தொடங்கியது. 1869-ல் சூயெஸ் திறந்தபின் நிலக்கரித் துறைமுகத்தைக் காக்கவேண்டிய தேவை. குன்றின் உச்சியைச் செதுக்கி மட்டமாக்கினார்கள். ஆகவே ஒரே இடத்தில் விக்டோரியா காலக் கட்டுமானமும் 1930-களின் கான்கிரீட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பீரங்கிகளை நம்பித் தேதி சொல்லாதீர்கள்; அங்கே நிற்பவற்றில் பல வெவ்வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. கான்கிரீட்டில் வட்டமாகப் பதித்த தடித்த போல்ட்டுகளைப் பாருங்கள்: பீடத்தை இறுக்கியது அந்த வளையம்தான், அதன் விட்டத்தை அளந்தால் எந்த ரகம் நின்றது என்று தேறும்.

நிலத்தடி அறைகளில் குண்டும், அதை உந்தும் மருந்துப் பொதியான கார்ட்ரிட்ஜும் தனித்தனியாக இருந்திருக்கும். அக்காலக் கிடங்குகளில் விளக்கைக் கண்ணாடி போட்ட மாடத்தில் வெளிப்புற வழியாக வைப்பார்கள், சுடர் மருந்தின் பக்கம் போகாதபடி. அந்த மாடங்களைத் தேடிப் பாருங்கள். பிறகு கரைக்கு இறங்கினால், வேகப் படகுகளுக்கு எதிரான இரட்டைக் குழல் 6 பவுண்டர் (சுமார் 6 பவுண்டு குண்டு போடும் சிறு பீரங்கி) நின்ற இடம். தேடுவிளக்கு இல்லாமல் இரவில் அது குருடு, எனவே விளக்கு அறைகளையும் சேர்த்தே பாருங்கள். எதிர்க்கரையில் லாப்ரடார் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய வாயில்தான் கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வழி.

அனுமதி இலவசம். 2022 முதல் தேசிய நினைவுச்சின்னம், ஆகவே எதையும் சுரண்டவோ பெயர்க்கவோ கூடாது. ஜொகூர் பேட்டரியில் நிற்பது மாதிரிப் பீரங்கி, ஏமாறவேண்டாம்.