மறு: மரம் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

போன வாரம் நான் கேட்ட ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, பட்டறைக்குக் கொண்டுபோய் எங்கள் ஆசாரியிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன், அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள். இந்தக் கடித இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, எதற்கு இந்தச் சொல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வீடுகளுக்கு அளவெடுத்து மரச்சாமான் செய்துகொடுக்கிறோம். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை, ஊஞ்சல், பூஜை மாடம், எதுவானாலும் வீட்டுக்குப் போய் அளந்து, வரைந்து காட்டி, அப்புறம்தான் மரம் அறுப்பது. மூன்று வருஷத்துக்கு முன்பு மன்னார்குடியில் ஒரு வீட்டுக்குத் தேக்கில் அலமாரி செய்தோம். நல்ல அடைமழைக் காலம், கார்த்திகை. கதவின் நடுப்பலகையை நான்கு பக்கமும் பசை வைத்துச் சட்டத்தோடு ஒட்டச் சொன்னது நான்தான். ஆசாரி, "வேணாம் தம்பி, பலகை சும்மா காடிக்குள்ள நிக்கட்டும்" என்றார். (காடி என்பது பலகை செருகுவதற்காகச் சட்டத்தில் வெட்டும் பள்ளம்.) ஆடாமல் கெட்டியாக இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த ஆனியில் மேல்காற்று ஆரம்பித்துப் பத்து நாளில், கதவு மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாக வெடித்துவிட்டது. பச்சை மரத்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். மரம் பச்சை இல்லை, நன்றாகக் காய்ந்ததுதான். ஆனால் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை, கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பேசினேன், அவர் நம்பவில்லை. கதவை மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது சாமானோடு சேர்த்துக் கொடுக்க நான்கு பக்கத்தில் ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன், அதன் முதல் பக்கத்திலேயே இந்தச் சொல் வேண்டும்.

விஷயம் இதுதான். அறுத்த மரம் முதலில் இழக்கும் தண்ணீர் அதன் நுண்குழல்களுக்குள் சும்மா நிற்கும் தண்ணீர், அது போவதால் மரத்தின் அளவு மாறாது. ஈரம் கிட்டத்தட்ட 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் குழல்களின் சுவரிலேயே ஊறியிருக்கும் தண்ணீர் வெளியேறத் தொடங்கும். மரம் சுருங்குவது அங்கேதான். அதோடு முடிந்துவிடுவதும் இல்லை. எத்தனை வருஷம் ஆனாலும் மரம் சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் மரம் 10, 11 சதவீத ஈரத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று 80-ஐத் தாண்டினால் மரமும் 15, 16-க்கு ஏறும். "சீசன் பண்ணின மரம் அசையாது", அதாவது முறையாகக் காயவைத்த மரம் அசையாது, என்று கடையில் சொல்வது பாதிதான் சரி: கோணாது, முறுக்காது என்பது வரை நம்பலாம், அளவு மாறாது என்பதை நம்பக் கூடாது.

இந்த மாற்றம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம். நெடுக்கில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. குறுக்கில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை 5 முதல் 6 சதவீதம் சுருங்கும், நடுத்தண்டிலிருந்து பட்டை நோக்கிய திசையில் அதில் பாதிதான். தேக்கே மற்ற பல மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் வகை. அதிலேயே இரண்டரை அடி அகல மேசைப் பலகை நம் ஊர் கோடைக்கும் அடைமழைக்கும் இடையில் சுமார் 2 நூல் மாறும். (நூல் என்பது தச்சுக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) அதே மேசையின் ஐந்தடி நீளத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமே இருக்காது.

இனி வந்த சொற்கள்.

> மர நகர்வு, மர இயக்கம்

இரண்டும் "வுட் மூவ்மெண்ட்" என்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுதியவை என்று தோன்றுகிறது. மரம் எங்கேயும் நகரவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது. "இயக்கம்" என்றால் எங்கள் ஊரில் கட்சி நினைவுக்கு வரும். ஆசாரிக்குப் படித்துக் காட்டியபோது, "மரத்த ஊர் ஊரா கொண்டுபோறதா?" என்று உண்மையாகவே கேட்டார்.

> ஈர அசைவு, சேர்த்தெழுதினால் ஈரசைவு

எனக்கு முதலில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் சேர்த்தெழுதினால் யாப்பிலக்கணம் வந்துவிடுகிறது. ஈரசைச் சீர் படித்த யாருக்கும் இதை இரண்டு அசை என்றுதான் படிக்கத் தோன்றும்.

> விரிசுருக்கம்

கருத்து சரி. ஆனால் "விரிவு" என்பதைப் பள்ளிக்கூடத்தில் இரும்புக்கும் தண்டவாளத்துக்கும் வெப்பத்தால் நடப்பதாகப் படித்திருக்கிறோம், அது எல்லாத் திசையிலும் நடப்பது. இங்கே காரணமும் வேறு, திசையும் வேறு.

> வுட் மூவ்மெண்ட் என்றே எழுதலாமே, அலமாரியும் மேசையும் ஜன்னலும் சாவியும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவைதானே

வந்தவைதான், அவற்றை நான் மாற்றச் சொல்லவில்லை, என் பட்டறையில் யாரும் மரச்சாமானை அறைகலன் என்று பேசுவதும் கிடையாது. ஆனால் பொருள் வெளியிலிருந்து வந்தது, பெயரும் கூடவே வந்தது. மழைக்குக் கதவு பிடிப்பது கப்பலில் வந்த சங்கதி இல்லை, முதல் கதவு மாட்டிய நாளிலிருந்து இங்கே நடப்பது. எங்கள் பாட்டி வீட்டுப் பத்தாயத்தில் பலகைகள் எல்லாம் மூலைக்கால்களின் காடியில் செருகித்தான் நிற்கும், ஒரு ஆணி கிடையாது. நெல் கொட்டினால் இறுகும், காலியானால் லேசாக ஆடும். சிறு வயதில் சரியாகச் செய்யாததால் ஆடுகிறது என்று நினைத்திருந்தேன். அதைச் செய்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

சரி, ஆசாரி என்ன சொல்கிறார்? "மழைக்கு உப்பும், காத்துக்கு வாங்கும்." கடல் உள்வாங்குகிறது என்கிறோமே, அந்த வாங்கு. பேச்சில் இதைவிட நல்ல சொல் கிடையாது, ஆனால் "உப்புவாங்கல்" என்று பெயராக்கினால் மளிகைக்கடைக்குப் போவதுபோல ஆகிவிடும். அதனால் அவரிடமே கேட்டேன்: உப்பினால் பலகை என்ன ஆகும்? "அகலமாகும்." வாங்கினால்? "ஒடுங்கிடும்."

அங்கேதான் பிடிபட்டது. அகன்ற தெரு, ஒடுங்கிய சந்து. இந்த இரண்டு சொல்லையும் நாம் நீளத்துக்குச் சொல்வதே இல்லை. மரம் குறுக்கில் மட்டும் மாறும் என்ற விஷயம் இந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: அகலொடுக்கம். வினையாக, பலகை அகன்றொடுங்கும். நாற்காலிக்கும் முக்காலிக்கும் காலை எண்ணிப் பெயர் வைத்த மொழி இது, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய பெயராக இருந்தால் ஆசாரியும் வீட்டுக்காரரும் ஒரே சொல்லைப் பேச முடியும்.

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

---

அன்புத் தம்பிக்கு,

அகலும் ஒடுங்கும் அகலத்துக்கே உரியவை என்று கண்டது நல்ல பார்வை. இரண்டு ஐயங்கள். ஒன்று, "அகல்" என்றதும் கார்த்திகை விளக்குத்தான் முன்னால் வருகிறது, அகலொடுக்கம் என்றால் விளக்கைச் சிறிதாக்குவதோ என்று தோன்றும். இரண்டு, ஒரு பக்கம் பகுதியும் மறுபக்கம் தொழிற்பெயருமாக நிற்பது இசையவில்லை. "அகல்வொடுக்கம்" என்று வைத்தால் அகல்வும் ஒடுக்கமும் என உம்மைத்தொகையாக விரியும், விளக்கும் விலகிவிடும்.

திருவையாற்றிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

---

வணக்கம். எங்கள் பக்கம் கடல் ஏறி இறங்குவதை வற்றுப்பெருக்கு என்போம். மழைக்குப் பெருகி வெயிலுக்கு வற்றும் மரத்துக்கும் "மர வற்றுப்பெருக்கு" பொருந்தாதா? காவிரிக்காரர்களுக்குப் பெருக்கு என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

---

ஐயாவுக்கும் யாழ்ப்பாணத்து நண்பருக்கும் நன்றி. இரண்டு கடிதத்தையும் இரண்டு நாள் மனதில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

வற்றுப்பெருக்கு கேட்கும்போதே அழகாக இருக்கிறது, ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரையில் நிற்கிறவனுக்கு அது வேறு எப்படி இருக்கும். ஆனால் பெருக்கு என்பது அளவில் கூடுவது. ஆறு பெருகினால் உயரமும் கூடும், அகலமும் கூடும், வேகமும் கூடும். மரத்தில் ஒரே திசைதான். அதோடு உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் புவியியலில் படிக்கும் சொல்லை இன்னொரு துறைக்கு இழுத்தால், நாளைக்கு இரண்டு பக்கமும் "எந்த வற்றுப்பெருக்கு" என்று கேட்க வேண்டி வரும். அதை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம்.

ஐயா, அகல்வொடுக்கம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பட்டறையில் நாலு பேரிடம் சொல்லச் சொல்லிப் பார்த்தேன். ல்வொ என்ற இடத்தில் எல்லோருக்கும் நாக்கு ஒரு முறை நின்று போகிறது, அகலொடுக்கம் மட்டும் ஓடுகிறது. அடி, இடி, உரை என்று பகுதியே பெயராக நிற்கும் முதனிலைத் தொழிற்பெயர் நம்மிடம் உண்டே, அகல் அப்படி நிற்கக் கூடாதா? விளக்கைப் பொறுத்தவரை, மேசைப் பலகையைப் பற்றிப் பேசும் இடத்தில் யாரும் திரியைத் தேட மாட்டார்கள் என்று நம்புகிறேன். நீங்கள் முடியாது என்றால் மாற்றுகிறேன், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஒரு சொல் நிற்குமா என்று தெரிய அதை வேலைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். இப்படி எல்லாம் எழுதிப் பார்த்தேன். "ஒட்டுப்பலகையில் ஒவ்வொரு தாளும் முந்தைய தாளுக்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அதற்கு அகலொடுக்கம் மிகக் குறைவு." "கால்வாய்க் கரைத் தேக்கானாலும் மலைத் தேக்கானாலும் அகலொடுக்கம் உண்டு." "ஏசி போட்ட அறையில் மரம் இன்னும் காயும், அங்கே ஒடுக்கம் அதிகம்." நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப் போவதைச் சொல்லவும் பயன்பட்டது: பல பத்தாண்டு உத்திரமாகக் காய்ந்து நின்ற மரம் உள்ளே இருந்த இழுப்பெல்லாம் அடங்கி நிற்கும், கடைந்த பிறகு வெடிக்கும் பயம் குறைவு. (2022-இல் அந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த மரத்தைப் பற்றியும் பலர் எழுதினார்கள்.) எங்கேயும் சொல் இடறவில்லை.

இதோடு இன்னொரு சொல் தானாக வந்து சேர்ந்தது. மரம் அகல்வதற்காகக் காடிக்குள் நாம் விடும் இடம். பட்டறையில் "கேப்" என்கிறோம். ஆனால் வேலை நடக்கும்போது காதில் விழுவது வேறு: "எத்தன நூல் விடணும்?" "மழையில செய்றோம், ஒரு நூல் போதும். சித்திரைன்னா ரெண்டு விடு." மழையில் ஏற்கெனவே உப்பிய பலகைக்குக் கொஞ்சம் விட்டால் போதும், கோடையில் ஒடுங்கிய பலகைக்கு அதிகம் விட வேண்டும். அந்தக் கணக்கு முழுக்க இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. அதனால் விடுநூல் என்று வைக்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. புத்தகம் என்ற பொருளோடு குழம்புமா என்று ஐயா சொல்ல வேண்டும்.

துண்டறிக்கையின் முதல் பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

"உங்கள் அலமாரிக் கதவின் நடுப்பலகையை நாங்கள் ஒட்டவில்லை. கையால் அழுத்தினால் லேசாக அசையும். மரம் மழைக்காலத்தில் அகலும், காற்றுக்காலத்தில் ஒடுங்கும். இதற்கு அகலொடுக்கம் என்று பெயர். அதற்காகப் பலகையின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு விடுநூல் விட்டிருக்கிறோம். மேசைப் பலகையை அடியில் பிடித்திருக்கும் திருகாணிகளின் துளை பலகையின் குறுக்கில் நீண்டு இருப்பதும் இதற்காகவே. கார்த்திகையில் கதவு கொஞ்சம் பிடித்தால் உடனே இழைக்கச் சொல்லாதீர்கள், தை முடியட்டும், அப்போதும் பிடித்தால் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறோம்."

ஆசாரி இதை வாங்கிப் படித்துவிட்டு, "தை முடியட்டும்"-ஐ "மாசி பொறக்கட்டும்" என்று மாற்றச் சொன்னார், தையில் பனி இருக்கிறதாம். மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அகல்வொடுக்கமா அகலொடுக்கமா என்று ஐயா ஞாயிறுக்குள் ஒரு வரி எழுதினால் போதும்.