கவுனி × அண்ணா 4: மணி வெள்ளையா இருக்கே, ஒட்டு பிடிக்கலையா?

உவர்க்காடு
வெள்ளை அரிசி நெல் ரகமான அண்ணா (ஆர்) 4 தாய், கருப்பரிசி ரகமான கருப்புக்கவுனி தகப்பன். தகப்பன் மகரந்தத்தைத் தாயில் தூவி ஒட்டுக் கட்டியதில் 41 மணி கிடைத்தது. இரண்டை உமி நீக்கிப் பார்த்தால் சுத்த வெள்ளை. மகரந்தமே ஏறலையா? தேவை இதுதான்: கவுனி நிறம், 110 நாளுக்குள் அறுவடை, தொண்டிப் பக்கத்து உவரைத் தாங்கணும். எஃப்-2-வில் (ஒட்டின் இரண்டாம் தலைமுறை) எத்தனை செடி போடலாம்? கருப்பு மணியை மட்டும் பொறுக்கிக்கிட்டே போனால் போதுமா?

கதிர்க்கத்திரி
மிச்சம் 39-ஐ உடைக்காதீங்க! நிறம் இருப்பது அரிசியின் மேல்தோலில். அது முழுக்கத் தாய்ச்செடியின் திசு. தாய் வெள்ளை என்றால் ஒட்டு பிடித்த மணியும் வெள்ளையாகத்தான் இருக்கும். அந்த மணியை விதைத்து வரும் எஃப்-1 செடியின் கதிரில்தான் கருமை தெரியும், அதுவும் கவுனி அளவுக்கு அடர்த்தியாக இல்லாமல் போகலாம். வெள்ளை அரிசி காய்க்கும் செடி தன்மகரந்தத்தில் வந்தது, பிடுங்கிடுங்க. அது நிறைய வந்தால் ஆறு மகரந்தப்பையில் ஒன்றிரண்டு உள்ளே தங்கியிருக்கு. சாயங்காலமே உமி நுனியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி ஆறையும் எடுத்து, பட்டர் பேப்பர் உறை போட்டு, மறுநாள் காலை பூ விரியும் நேரத்தில் தூவணும்.

கருப்புக்கு மூன்று ஜீன்: காலா-1, காலா-3, காலா-4. பெற்றோர் மூன்றிலும் வேறுபட்டால், எஃப்-2-வில் மூன்றும் (இரண்டு பிரதியிலும்) நிலைபெற்ற செடி 64-க்கு ஒன்று. 300 செடிக்கு நாலைந்துதான் தேறும். ஒரே செடியில் அடர்கருப்பும் சுத்த வெள்ளையும் கலந்து வந்தால் அது மரபுப் பிரிதல் இல்லை, களத்தில் நடந்த கலப்படம்.

உப்பாறு
நிறக்கணக்கு சரி. உவருக்கு இந்த ஒட்டில் எதுவும் இல்லையே? கவுனியும் அண்ணா 4-ம் உவருக்கென்று தேர்ந்தெடுத்த ரகங்கள் அல்ல. உவர் தாங்கும் பொக்காலி நெல்லின் சால்டால் என்ற மரபுப் பகுதியைச் சுமக்கும் எஃப்எல்-478 ரகத்தை மூன்றாவது பெற்றோராக எஃப்-1 மேலேயே கட்டுங்க. சால்டால், காலா-1, குட்டைக்கான எஸ்டி-1 மூன்றும் 1-ஆம் குரோமோசோமில்தான். ஆனால் தள்ளித் தள்ளி இருப்பதால் பிரிந்து சேர வாய்ப்பு உண்டு. நாத்திலேயே இலை எடுத்து டிஎன்ஏ மார்க்கர் பார்த்தால் நட வேண்டிய செடி பாதிக்கும் கீழே குறையும்.

உவர்ச் சோதனைக்கு, நாத்தை மண்ணில்லாமல் வளர்க்கும் யோஷிடா சத்துக்கரைசல். முதல் மூன்று நாள் மின்கடத்துதிறன் (உப்பின் அளவுகோல்) 6, பிறகு 12 டெசிசீமன்ஸ்/மீட்டர். 12-க்கு லிட்டருக்குச் சுமார் 7 கிராம் சோடியம் குளோரைடு. பிஹெச் 5-ஐ ஒட்டி தினமும் சரிபார்க்கணும். விட்டுவிட்டால் உப்பால் கருகியதா, சத்துக்குறையால் பழுத்ததா என்றே தெரியாது. பக்கத்தில் உவர் தாங்காத ஐஆர்-29 ரகத்தை வையுங்க, அது கருகாமல் நின்றால் அந்தச் சோதனை செல்லாது.

ஒரு எச்சரிக்கை: சால்டால் நாத்துப் பருவத்துக்குத்தான். நம்ம பக்கம் மார்கழியில் கண்மாய் வற்றி, பூக்கும் நேரத்தில் உவர் ஏறினால் அது காப்பாற்றாது. அதற்கு வயலில், பூப்பருவத்தில் தனியாகப் பார்க்கணும்.

சித்திரைக்கார்
110 நாள்தான் கஷ்டம். கவுனி பூக்கக் குறும்பகல் வேணும், கோடையில் போர் தண்ணீரில் போட்டால் இலையாகவே நிற்கும். ஒரு போகம் மிச்சப்படுத்த எஃப்-2-வைக் கோடையில் போட்டுப் பாருங்க. பகல் நீளத்துக்குக் காத்திராமல் பூப்பவை தானே தனியாகத் தெரியும். ஆனால் சித்திரை வெயிலில் பால் பிடிக்கும் மணி வெளிறும், அந்தப் போகத்து நிறத்தை நம்பி எதையும் கழிக்காதீங்க.

எனக்குக் கவுனியே ஏன் என்று புரியலை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 57 கருப்பரிசியே கவுனியைவிடக் குறைந்த வயது. அதைத் தகப்பனாக வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உவர்க்காடு
நன்றி அண்ணே. கருமை கூடினால் இரும்பும் துத்தநாகமும் கூடும்தானே?

சித்திரைக்கார்
இல்லை. கருமை ஆந்தோசயனின் என்ற நிறமி. இரும்பு, துத்தநாகம் வேறு ஜீன்களின் கணக்கு, அதைத் தனியாக அளக்கணும். இன்னும் சொன்னால் தோலில் உள்ள பாலிபீனாலும் ஃபைடேட்டும் இரும்பைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஆலையில் தீட்டினால் அந்த ஆந்தோசயனினும் தவிட்டோடு போச்சு.

சிவப்புப் பக்கம் போகிறதாக இருந்தால் ஒரு லாபம் உண்டு. சிவப்பு தரும் ஆர்சி ஜீனே விதை உறக்கத்தையும் கூட்டுகிறது, அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைப்பது குறையும். அறுத்த கையோடு விதைத்தால் மட்டும் முளைக்காது, 50 டிகிரி செல்சியஸில் ஐந்து நாள் உலர்வெப்பம் கொடுத்துவிட்டுப் போடுங்க.