ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கும் ரவுட்டர் ரூ. 3,000-க்குள் கிடைக்குமா?

பல்லடம் தறிக்கூடம்:
வணக்கம். பல்லடத்திற்கு அருகே எங்கள் வீடும் அதையொட்டி விசைத்தறிக் கூடமும் உள்ளன. ஃபைபர் இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ். இப்போதுள்ள ரவுட்டருக்கு அதன் நிறுவனம் 4 ஆண்டுகளாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எதையும் வெளியிடவில்லை. தறிக்கூடத்துக் கேமராக்களும் வீட்டுக் கணினியும் ஒரே வலையில் (நெட்வொர்க்கில்) இருப்பதால் இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால், ரவுட்டரில் நிறுவனத்தின் மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய திறந்த மூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt)-க்கு மாற நினைக்கிறேன். கேமராக்களைத் தனியே பிரித்து வைக்கும் வகையில், ரூ. 3,000-க்குள் எதை வாங்கலாம்?

கோபி வாசகர்:
வணக்கம் அண்ணா. பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன் சில்லையும் நினைவகத்தையும் பாருங்கள். 4 எம்பி ஃபிளாஷும் (மென்பொருள் தங்கும் நினைவகம்) 32 எம்பி ரேமும் கொண்ட பழைய கருவிகளுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் 19.07 பதிப்போடு ஆதரவு நின்றுவிட்டது; இன்று வாங்குவதானால் 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருப்பதையே எடுங்கள். மீடியாடெக், குவால்காம் ஏத்தராஸ் சில்லுகளுக்குத் திறந்த மூல டிரைவர்கள் (சில்லை இயக்கும் மென்பொருள்) நன்றாக உள்ளன. பிராட்காம் சில்லு என்றால் வைஃபை ஒழுங்காக இயங்காது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வன்பொருள் பதிப்பு எண். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 என்ற ஒரே பெயரில், 2-ஆம் பதிப்பில் குவால்காம் சில்லும் 8 எம்பி ஃபிளாஷும், 3-ஆம் பதிப்பில் மீடியாடெக் சில்லும் 16 எம்பி ஃபிளாஷும் உள்ளன. ஒன்றுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி நிறுவல் கோப்பினை மற்றொன்றில் ஏற்றக் கூடாது. இந்த எண்ணைப் பார்க்காமல் நான் ஒருமுறை இணையத்தில் வாங்கினேன். விளம்பரப் படத்தில் இருந்தது ஒரு பதிப்பு, வீட்டுக்கு வந்தது ஆதரவே இல்லாத வேறொரு பதிப்பு. அது இன்றுவரை அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது. கடைக்கு நேரில் சென்று, கருவியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் 'Ver' என்ற எழுத்துகளுக்கு அருகிலுள்ள பதிப்பு எண்ணைப் படித்து, ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் கருவிப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.

பெருந்துறை நெட்வொர்க்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தினரே வடிவமைத்து 2024-இல் வெளிவந்த ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் மிக நல்ல கருவி. ஆனால் வெளிவந்தபோது அதன் விலை 89 டாலர்; அது தங்கள் வரம்பைத் தாண்டிவிடும்.

நிறுவும்போது இரண்டைக் கவனியுங்கள். நிறுவி முடித்தவுடன் வைஃபை பொதுவாக அணைந்தே இருக்கும். ஆகவே லேன் கேபிளில் கணினியை இணைத்து 192.168.1.1 என்ற முகவரிக்குச் செல்ல வேண்டும். ஃபைபர்காரர் தரும் ஓஎன்டி பெட்டிக்கும் (ஃபைபர் கம்பி வந்து சேரும் கருவி) பெரும்பாலும் இதே முகவரி இருப்பதால், ரவுட்டரை 192.168.2.1-க்கு மாற்றிய பிறகே இரண்டையும் இணைத்துவிடுங்கள். அடுத்தது மின்சாரம். ஃபிளாஷில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரவுட்டர் எழாமலே போகலாம், எனவே யுபிஎஸ்ஸில் செருகி வைத்துத் தொடங்குங்கள்.

கேமராக்களுக்கு ரவுட்டரில் தனி இடைமுகமும் (அவற்றுக்கென ஒரு தனி வலை), எந்த வலை எதனோடு பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஃபயர்வாலில் தனி மண்டலமும் அமைத்து, அங்கிருந்து வீட்டு வலைக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டால் போதும்.

பல்லடம் தறிக்கூடம்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று கோவை சென்று, கடைக்காரரிடம் கேட்டுப் பெட்டியைப் பிரித்து, சீட்டில் 3-ஆம் பதிப்பு என்று இருப்பதைப் பார்த்த பிறகே ஆர்ச்சர் சி6 வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது; அன்று காலையில் நிறுவிவிட்டு இங்கே எழுதுகிறேன்.